லாரி ஓட்டுநரின் காலும் ரத்த ஓட்டமும்: முதல் சோதனையிலிருந்து டிரிப் முடியும் வரை முழுமையான வழிகாட்டி

ராணிப்பேட்டை சிப்காட்டில் கெமிக்கல் லோடு ஏற்றி மும்பைக்குப் போவதும், அங்கே கிடைக்கும் லோடோடு வேலூர் திரும்புவதும் என் வேலை. 22 வருடமாக ஓட்டுகிறேன். இடது கணுக்காலின் உள்பக்கம் ஒரு புண் ஏழு மாதம் ஆறாமல் கிடந்தபோதுதான் காலைக் கவனிக்கக் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து கூட ஓட்டும் தம்பிகளுக்கும் கிளீனர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன்.

எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கால் குடைகிறது என்றதும் நேராக எண்ணெய்க்கோ, மெடிக்கலில் விற்கும் இறுக்கமான காலுறைக்கோ போய்விடுகிறார்கள். எந்த வகைக் கோளாறு என்று முதலில் பார்ப்பதில்லை. ஒரு வகைக்கு மருந்தாகிற அதே காலுறை, இன்னொரு வகையில் விரலையே அழுக வைத்துவிடும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில்: வண்டியை எடுக்கவே கூடாத நிலையா என்று பாருங்கள்

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் மற்றக் காலைவிடச் சூடாக இருந்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு மேலே போனால் நுரையீரலை அடைக்கும். அப்போது திடீரென மூச்சு வாங்கும், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தும், இருமலில் ரத்தம் வரலாம், மயக்கம் வரலாம். நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் இப்படி ரத்தம் கட்டும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. நாம் அதை வாரத்தில் ஐந்து நாள் செய்கிறோம்.

இரண்டாவது நிலை இதற்கு நேர் எதிர். கால் திடீரென ஜில்லிட்டு, வெளுத்து, தாங்க முடியாத வலி எடுத்து, விரலை அசைக்க வராமல் போகும். ரத்தம் இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். பொதுவாக ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காலைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு.

இந்த இரண்டில் எது இருந்தாலும் சாவியை எடுத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். மூச்சு அடைத்தால் லோடு வண்டி உங்கள் கையில் இருக்காது.

பள்ளிகொண்டா டோலுக்கு முன்னால் ஒரு முறை கூட வந்த வண்டியின் தம்பி ஓரம் கட்டினான். வயது 26. "அண்ணே, கெண்டை பிடிச்சிக்கிச்சு" என்றான். நான் போவதற்குள் அவனுடைய கிளீனர் தைலம் போட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தான். நிறுத்தச் சொல்லி டேப் வைத்துப் பார்த்தேன். வலது கெண்டை 34 சென்டிமீட்டர், இடது 38. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "யாராவது தேய்த்தீர்களா?" தொடைவரை ரத்தம் கட்டியிருந்தது. பிழைத்தான், இப்போதும் ஓட்டுகிறான். ஒரு பக்கம் மட்டும் வீங்கிய காலை யாரும் நீவக் கூடாது. இந்த ஒரு விஷயத்தை உங்கள் கிளீனருக்கும் சொல்லி வையுங்கள்.

2. ஏறாத ரத்தமா, இறங்காத ரத்தமா என்று பிரியுங்கள்

இதயம் தள்ளுகிற வேகத்தில் ரத்தம் காலுக்கு இறங்கிவிடும். திரும்ப மேலே ஏறத்தான் கஷ்டம். கெண்டைக்கால் சதை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ரத்தத்தை மேலே பிழிந்து தள்ளுகிறது. குழாய்க்குள் இருக்கும் சிறு வால்வுகள் அது கீழே விழாமல் பிடித்துக்கொள்கின்றன. உட்கார்ந்தே இருந்தால் சதை சுருங்காது, ரத்தம் தேங்கும், வருடக்கணக்கில் தேங்கினால் வால்வு பழுதாகும். நாம் நரம்பு சுருட்டல் என்று சொல்வது இதைத்தான். உண்மையில் அது நரம்பு அல்ல, ரத்தக் குழாய்.

ஏறாத ரத்தம் என்றால் சாயங்காலம் கால் கனக்கும், கணுக்காலைச் சுற்றி வீங்கும், காலையில் வற்றிவிடும். காலைத் தூக்கி வைத்தால் சுகமாக இருக்கும். புழு நெளிகிற மாதிரி குழாய் புடைத்துத் தெரியும். கணுக்காலின் உள்பக்கத் தோல் கருத்து அரிக்கும். அந்தக் கருத்த இடத்தில்தான் புண் வரும். எனக்கு வந்தது அங்கேதான். கொசுக்கடி என்று நினைத்துச் சொறிந்துகொண்டிருந்தேன்.

இறங்காத ரத்தம் என்றால் நடந்தால் வலிக்கும், நின்றால் விட்டுவிடும். டோலிலிருந்து டீக்கடைவரை நடப்பதற்குள் கெண்டை இறுக்கிப் பிடித்து, இரண்டு நிமிடம் நின்றதும் சரியாகி, மறுபடி அதே தூரத்தில் பிடித்தால் அது இந்த வகை. பாதம் சில்லென்று இருக்கும், முழங்காலுக்குக் கீழே முடி கொட்டிப் பளபளக்கும், விரல் நுனிப் புண் ஆறாது. முற்றினால் இரவில் படுத்ததும் வலி எடுக்கும், காலைத் தொங்கப் போட்டால்தான் குறையும். பீடி, சிகரெட், சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம்.

இரண்டிலும் சேராதவையும் உண்டு. பாதம் எரிகிறது, மரத்திருக்கிறது, செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை என்றால் அது பெரும்பாலும் சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறு. இரண்டு காலும் சேர்ந்து வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினாலோ முகமும் வீங்கினாலோ இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையாலும் கணுக்கால் வீங்கும். அப்படித் தோன்றினால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றிக் கொடுப்பார்.

இப்போது வீட்டில் செய்யக்கூடிய நான்கு சோதனை. டிரிப் இல்லாத நாளில் செய்யுங்கள். களைத்து வந்த இரவில் செய்தால் எல்லாமே கோளாறாகத் தெரியும்.

விரல் அழுத்தம்: முழங்காலுக்குக் கீழே முன் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துப் பத்து எண்ணும்வரை அழுத்தி எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் நீர் தேங்கியிருக்கிறது. சாக்ஸ் தடம் ஆழமாகப் பதிவதும் இதே கதைதான்.

டேப்: முழங்கால் சிப்பிக்குக் கீழே எலும்பு சின்னதாகப் புடைத்திருக்கும். அங்கிருந்து பத்து சென்டிமீட்டர் கீழே இரண்டு காலையும் அளந்து பாருங்கள். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் புதிதாக வந்திருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். கண் அளவில் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

துடிப்பு: பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலிருந்து பாதத்தின் மேல்பக்கமாக விரலை நகர்த்துங்கள். பாதத்தின் மேட்டில் லேசாகத் துடிக்கும். கிடைக்கவில்லை என்றால் உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் பாருங்கள். புதியவர்கள் இரண்டு தப்பு செய்வார்கள். கட்டைவிரலால் பார்ப்பார்கள், அப்போது தன் விரலின் துடிப்பே தெரியும். அல்லது அழுத்திப் பிடிப்பார்கள், அப்போது இருக்கிற துடிப்பும் மறைந்துவிடும். நல்ல காலிலும் சிலருக்கு மேல்பக்கத் துடிப்பு இருக்காது. இரண்டு இடத்திலும் இல்லையென்றால்தான் கவலை.

தூக்கிப் பார்ப்பது: மல்லாந்து படுத்து இரண்டு காலையும் ஒரு நிமிடம் தூக்கி வையுங்கள். நம் நிறத்துக்குத் தோலில் வெளுப்பு தெரியாது. ஆகவே உள்ளங்காலைக் கூட இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு எழுந்து கட்டிலில் காலைத் தொங்கப் போடுங்கள். தூக்கினால் வெளுத்து, தொங்கவிட்டதும் மெதுவாகக் கருஞ்சிவப்பாக மாறினால் இறங்காத வகை என்று சந்தேகிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். இந்த நோட்டு பின்னால் வேலைக்கு வரும்.

3. ஒரு நாளை ஒதுக்கி டாக்டரைப் பாருங்கள்

மேலே சொன்ன சோதனைகள் சந்தேகத்தைக் காட்டும், முடிவைச் சொல்லாது. வேலூர்க்காரர்களான நமக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஊருக்குள்ளேயே சி.எம்.சி. இருக்கிறது. அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஜனங்கள் ரயிலேறி இங்கே வைத்தியத்துக்கு வருகிறார்கள். சத்துவாச்சாரியில் இருந்துகொண்டு நாம் போகாமல் இருப்பது எனக்கு மனசு தாங்கவில்லை.

"கால் வலி" என்று மட்டும் சொன்னால் வலிக்கு ஊசி போட்டு அனுப்பும் வாய்ப்புதான் அதிகம். நோட்டைக் காட்டுங்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள், எவ்வளவு தூரம் நடந்தால் வலிக்கிறது, என்ன மாத்திரை, எத்தனை பீடி, எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பிரஷர், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, சிறுநீரகச் சோதனை ஆகியவை அடிப்படை. அதோடு கணுக்காலிலும் கையிலும் பிரஷர் எடுத்து ஒப்பிடச் சொல்லிக் கேளுங்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து 0.9-க்குக் கீழே வந்தால் இறங்கும் குழாய் சுருங்கியிருக்கிறது. 1.4-க்கு மேல் போனால் குழாய் சுவர் கெட்டியாகி அளவு பொய் சொல்கிறது என்று பொருள். சர்க்கரை உள்ளவர்களிடம் இது வரும். வால்வு பழுதா, ரத்தம் கட்டியிருக்கிறதா என்பதை டாப்ளர் ஸ்கேன் காட்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதியுங்கள். நீங்கள் ரோட்டில் இருந்தாலும் மாத்திரை வீட்டுக்கு வரும்.

4. காலுறை: டாக்டர் சொன்ன பிறகு மட்டும்

கணுக்கால் பிரஷர் பார்க்காமல் அழுத்தக் காலுறை வாங்காதீர்கள். இறங்காத ரத்தம் உள்ள காலில் அதை மாட்டினால், வருகிற கொஞ்ச ரத்தத்தையும் வெளியிலிருந்து நெரிப்பதாகிவிடும். ஏறாத வகைக்கு முழங்கால் அளவுக் காலுறை போதும். எந்த அழுத்தம் என்பதை டாக்டர் சீட்டில் எழுதட்டும்.

அளவு கொடுப்பது காலையில் எழுந்தவுடன், வீக்கம் ஏறுமுன். நான் முதல் ஜோடியை டிரிப் முடிந்த சாயங்காலம் போய் வாங்கினேன். வீங்கிய காலுக்கு அளவெடுத்ததால் மறுநாள் காலை தொளதொளவென்று சரிந்து, கணுக்காலில் மடிப்பு மடிப்பாக விழுந்து, அந்த மடிப்பே கயிறு மாதிரி காலை இறுக்கியது. மேல் விளிம்பைச் சுருட்டி விடுவதும் இதே ஆபத்துதான்.

படுக்கையை விட்டு இறங்குமுன் மாட்டுங்கள், இரவு படுக்கும்போது கழற்றுங்கள். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், மாற்ற வேண்டும். கிரேப் பேண்டேஜை நீங்களே இறுக்கிச் சுற்றுவது காலுறைக்குப் பதிலாகாது. கெண்டையில் இறுக்கியும் கணுக்காலில் தளர்த்தியும் சுற்றிவிடுவோம். வேண்டியது அதற்குத் தலைகீழ்.

5. சீட்டைச் சரிசெய்யுங்கள்

சீட்டின் முன் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்தினால் ரத்தம் ஏறும் வழியை நாமே மிதிக்கிறோம். விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே மூன்று விரல் நுழைய வேண்டும். உயரம் குறைவானவர்கள் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து முன்னால் வாருங்கள். முதலில் உயரம், அடுத்து முன்பின் நகர்த்தல், கடைசியில் முதுகுச் சாய்வு. சாய்வை முதலில் வைத்தால் மற்ற இரண்டும் மாறும்போது அது கெட்டுவிடும். கிளட்சை முழுக்க மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருந்தால் சரி.

பின் பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுத்து டேஷ்போர்டில் வையுங்கள். ஒரு பக்கம் தூக்கி உட்கார்ந்தால் காலுக்கு இறங்கும் நரம்பு நசுங்கி மரத்துப்போகும். அதையும் ரத்த ஓட்டக் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள்.

இஞ்சின் மேடு நம் இடது காலை ஒட்டியே இருக்கிறது. 2025-இல் வந்த விதிப்படி புதிதாகத் தயாராகும் லாரிகளுக்குக் கேபின் ஏ.சி. கட்டாயம். நம்மில் பலர் ஓட்டுவதோ அதற்கு முந்தைய வண்டி. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலும் இஞ்சின் சூடும் சேர்ந்தால் குழாய்கள் விரிந்து வீக்கம் கூடும். மேட்டின் மேல் தடித்த சாக்கோ பழைய மெத்தைத் துண்டோ போட்டுக் காலைத் தள்ளி வையுங்கள். சர்க்கரையால் மரத்த கால் சுடுவதைக்கூட உணராது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

6. ஓட்டும்போது: டோலைக் கடிகாரமாக வைத்துக்கொள்ளுங்கள்

ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்க வேண்டும். மணி பார்த்து இறங்குவது யாருக்கும் நடப்பதில்லை, இடம் பார்த்து இறங்குவதுதான் நடக்கும். வாலாஜா, பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி டோல்கள் லோடு வண்டிக்கு ஏறக்குறைய மணிக்கு ஒன்றாக வருகின்றன. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாகும் முன் வரிசையில் நிற்கும்போது இறங்கிக் காலை நீட்டுவோம். இப்போது நிற்காமல் கடந்துவிடுகிறோம், அந்த இடைவெளியும் போயிற்று. டோல் தாண்டியதும் லாரி நிறுத்தும் இடத்தில் ஓரம் கட்டுவதைப் பழக்கமாக்குங்கள்.

1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி ஓய்வு தரச் சொன்னது. அது களைப்புக்கான கணக்கு. காலுக்கு ஐந்து மணி நேரம் மிக அதிகம்.

நேர் ரோட்டில் இடது காலுக்கு வேலை இல்லை. குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தைத் தூக்கி இறக்குங்கள், 20 முறை. டிராபிக்கிலும் மலைப்பாதையிலும் வேண்டாம், கிளட்சுக்குக் கால் தயாராக இருக்க வேண்டும். வலது கால் ஆக்சிலேட்டரில் ஒரே கோணத்தில் நின்றுவிடும். அதற்கு ஓடும் வண்டியில் எந்தப் பயிற்சியும் செய்யக் கூடாது, இறங்கித்தான் செய்ய வேண்டும்.

7. இறங்கியதும் ஐந்து நிமிடம்

கேபினிலிருந்து குதிக்காதீர்கள். மரத்த கால் தரையைச் சரியாக ஊன்றாது. கைப்பிடியைப் பிடித்து, படியில் கால் வைத்து, வண்டியைப் பார்த்தபடி இறங்குங்கள்.

பிறகு கம்பியை எடுத்து டயர் தட்டிக்கொண்டே வண்டியை இரண்டு சுற்று வாருங்கள். எப்படியும் செய்ய வேண்டிய வேலை, அதிலேயே நடையும் முடிந்துவிடும். கிளீனரிடம் கம்பியைக் கொடுத்துவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் இறங்கியதற்குப் பலன் இல்லை.

நடந்த பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நின்று இறங்குங்கள், 25 முறை. முதலில் நடை, அப்புறம் இது. சூடேறாத சதையை உடனே இழுத்தால் பிடித்துக்கொள்ளும். நடந்தால் வலிக்கிற இறங்காத வகைக்காரர்களும் நடக்க வேண்டும். வலி வரும்வரை நடந்து, நின்று, விட்டதும் மறுபடி நடப்பதையே டாக்டர்கள் சிகிச்சையாகச் சொல்கிறார்கள். விரலில் புண்ணோ இரவு வலியோ இருந்தால் மட்டும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

8. தண்ணீரும் பீடியும்

ஒண்ணுக்கு நிறுத்த வேண்டுமே என்று தண்ணீரைக் குறைப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் கெட்டிப்படும், கட்டுவது சுலபமாகும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு டம்ளர் குடித்தால் அடுத்த நிறுத்தத்தில் போகலாம், நடுவில் அவசரம் வராது. இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவோடு நிற்கட்டும்.

பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை மூன்றும் குழாயைச் சுருக்கும். பீடி, சிகரெட் குடிக்கும் இளைஞர்களுக்குக் கால் விரல் கறுத்துப்போகும் பர்ஜர் நோய் என்று ஒன்று உண்டு. 45 வயதுக்கு முன்பே வரும். அதில் புகையிலையை முழுதாக விட்டவர்களுக்குத்தான் கால் நிலைக்கிறது, குறைத்தவர்களுக்கு அல்ல. தூக்கத்தை விரட்டப் பீடி பற்ற வைக்கும் தம்பிகளைக் கேட்டுக்கொள்கிறேன்: தூக்கம் வந்தால் ஓரம் கட்டித் தூங்குங்கள்.

9. கேபினில் படுக்கும்போது

ஏறாத வகைக்காரர்கள் பாதத்துக்குக் கீழே துணிப்பை வைத்து ஒரு சாண் உயர்த்திப் படுங்கள். முழங்காலுக்கு மட்டும் முட்டுக் கொடுத்தால் மடிப்பில் அழுத்தும், கெண்டைக்கும் சேர்த்துக் கொடுங்கள். இறங்காத வகைக்காரர்கள் காலை உயர்த்தவே கூடாது. இரண்டாவது படி ஏன் முக்கியம் என்பது இங்கே தெரியும்.

புடைத்த குழாய் கீறி ரத்தம் பீய்ச்சினால் பயப்படாதீர்கள். உடனே படுத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தில் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். அந்த இடத்துக்கு மேல்பக்கம் காலைத் துண்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், ரத்தம் கூடத்தான் செய்யும். நிற்காவிட்டால் 108.

10. வீட்டுக்கு வந்ததும்

குளித்துவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். வெடிப்பு, கொப்புளம், நிறம் மாறிய இடம் எல்லாவற்றையும் வீட்டில் உள்ளவர்களிடமும் காட்டுங்கள். மரத்த காலைச் சுடுதண்ணீரில் விடாதீர்கள். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்ட வேண்டாம்.

அப்புறம் நோட்டை எடுத்துக் கெண்டை அளவு, குழி விழுந்ததா, எவ்வளவு தூரம் நடந்ததும் வலித்தது என்று எழுதுங்கள். மறுநாள் காலை எழுந்ததும் இன்னொரு முறை. இரவு அளவும் காலை அளவும் மூன்று டிரிப்பிலும் ஒன்றாகவே நின்றால், அதாவது காலையிலும் வீக்கம் வற்றவில்லை என்றால், நாலாவது லோடு ஏற்றுமுன் டாக்டரிடம் போங்கள். இரண்டு வாரத்தில் மூடாத எந்தப் புண்ணுக்கும் இதே விதிதான். பாதத்தில் உணர்வு குறைந்தவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் அந்த இரண்டு வாரமும் பொறுக்க வேண்டாம், பார்த்த அன்றே காட்டுங்கள். நோட்டை ஆர்.சி., இன்சூரன்ஸ் வைக்கும் உறையிலேயே வைத்துவிடுங்கள். வண்டி மாறினாலும் அந்த உறையிலிருந்து எடுத்து உங்களோடு கொண்டு போங்கள்.